நூற்றைம்பது கிராம்

டக் என்று கார் ஏ.சி. கம்ப்ரசர் பிடித்தது. மனசுக்குள் எண்ணினேன். ஆறு எண்ணுவதற்குள் டக் என்று விட்டது. மறுபடி பிடித்தது, மறுபடி விட்டது. காலையிலிருந்து இதே கூத்து.

கார் என் அக்கா வீட்டுக்காரருடையது, பட்டறை என்னுடையது. பதினோரு மணிக்கு அவர்கள் கிளம்பியாக வேண்டும். மூன்று மணி நேரப் பயணம், ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த டாக்டர். அக்கா மகளுக்கு ஐந்து வயது. ஆள் சின்னது, காரம் பெரியது என்பதால் வீட்டில் மிளகு என்று கூப்பிடுவோம். பிறவியிலேயே அவளுக்கு வியர்க்காது. உடம்புச் சூடு இறங்க வழியில்லை. போன வருஷம் பஸ்ஸில் அரை மணி நேரம் வெயிலில் மாட்டிக்கொண்டதற்கே வலிப்பு வந்துவிட்டது. வாடகைக் கார் பிடிக்கலாமே என்று மாமா சொன்னதற்கு, "தம்பி இருக்கும்போது நமக்கென்ன கவலை" என்று அக்கா அவர் வாயை அடைத்துவிட்டாள். அந்த நம்பிக்கைதான் இப்போது என் உயிரை வாங்கியது.

ரிலேயை மாற்றினேன். முன்பக்க மின்விசிறியைப் பார்த்தேன், ஒழுங்காகத்தான் சுற்றியது. ஒயரைப் பிடித்து ஆட்டினேன். கிளட்சைத் தட்டிப் பார்த்தேன். ஸ்பேனரைக் கீழே வைத்தேன், எடுத்தேன், எதற்கு எடுத்தேன் என்று மறந்தேன். கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜ் மட்டும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை இந்த வண்டிக்கு கேஸ் போட்டவனே நான்தான். நான் போட்டதை நானே அளப்பதா என்று ஒரு வீம்பு.

ஆபீஸ் அறையில் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு மின்விசிறி முன்னால் உட்கார்ந்திருந்த மிளகு கேட்டாள். "இன்னும் டக் டக்குதானா மாமா?"

"வாயை மூடிட்டு உக்காரு" என்றேன். அவள் மேல் கோபமில்லை, யார் மேலாவது காட்ட வேண்டியிருந்தது.

அக்கா எழுந்து வந்தாள். "என்னடா ஆச்சு?"

"கேஸ் கசியுதுக்கா. மாமா எங்கயாவது பள்ளத்துல விட்டு எடுத்திருப்பாரு."

மாமா பக்கத்தில்தான் நின்றார். "இருக்கும் மாப்ளே, நான் கவனிக்கல" என்றார். வேகத்தடையைக் கூடக் கும்பிட்டுவிட்டுத் தாண்டுகிற மனிதர். தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டு கடைப்பக்கம் போனார்.

பத்தேகாலுக்கு வேறு வழியில்லாமல் கேஜை மாட்டினேன். சிவப்பு கேஜின் முள் ஏறிக்கொண்டே போனது. எல்லையைத் தொட்டதும் டக். கேஸ் குறைந்தாலும் கம்ப்ரசர் இப்படித்தான் விட்டு விட்டுப் பிடிக்கும், கூடினாலும் இப்படித்தான். கூடினால் அழுத்தம் எகிறி, சுவிட்ச் அதை நிறுத்திவிடும்.

மெஷினில் மொத்த கேஸையும் இழுத்து எடை பார்த்தேன். நானூற்றைம்பது கிராம் இருக்க வேண்டிய இடத்தில் அறுநூறு இருந்தது. வெளியாள் வண்டி என்றால் எடை பார்க்காமல் போடவே மாட்டேன். இது மிளகு போகிற வண்டியாச்சே, நன்றாகக் குளிரட்டும் என்று கைக்கணக்கில் தாராளமாக ஏற்றியிருக்கிறேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

அளந்து போட்டேன். பிடித்த கம்ப்ரசர் விடவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பத்து நிமிஷம் உள்ளே உட்கார்ந்தேன். விரல்கள் ஜில்லிட்டன. சரியாகிவிட்டதே, இனி இதைப் பற்றிப் பேசுவானேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா திரும்பி வந்தார். தண்ணீர் பாட்டிலோடு குழாய் வைத்த சின்ன கேஸ் டப்பா ஒன்றும் கையில் இருந்தது.

"கசியுதுன்னு சொன்னியே மாப்ளே. வழியில மறுபடி டக் டக்குன்னா நானே கொஞ்சம் ஏத்திக்குவேன். கடைக்காரர் சொல்லிக் குடுத்துட்டாரு." டப்பாவைப் பத்திரமாக முன்சீட்டுக்கு அடியில் வைத்தார்.

உச்சி வெயிலில், நடு ரோட்டில், மிளகைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, என் பேச்சை நம்பி இந்த மனிதர் இன்னும் ஏற்றுவார்.

குனிந்து டப்பாவை வெளியே எடுத்தேன்.

"இது வேணாம் மாமா. கசிவும் இல்ல, பள்ளமும் இல்ல. நான்தான் அளக்காம அதிகமா போட்டுட்டேன்."

அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

"அவர் மேல பழி போட்டப்ப இது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் பார்க்கவே இல்லக்கா."

அக்கா மிளகைத் தூக்கிப் பின்சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினாள். கதவைச் சாத்தவில்லை.

"பட்டறையைப் பூட்டு" என்றாள். "அந்த கேஜை எடுத்துக்கிட்டு வந்து அவ பக்கத்துல உக்காரு."