டைமன் பத்து

"மூணு மூணாப் போடு பாப்பா. ஒண்ணொண்ணா போட்டுக்கிட்டிருந்தா பொழுதே போயிடும்," என்றாள் அம்மா.

பாப்பாவுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கட்டிலின் ஓரத்தில் ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு தலையணையை இருவருக்கும் நடுவில் வைத்து, சீட்டுகளை மூன்று மூன்றாகப் போட்டாள்.  காலையில் வந்துபோன நர்ஸ், செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் வைத்து, "இன்னிக்கு வெளியில எங்கயும் போயிடாதீங்க. வீட்டுக்காரருக்கும் சொல்லிடுங்க," என்று சொல்லியிருந்தாள். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ பெரிய கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய், நர்ஸ் வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் அவருடைய போன் எடுக்காது. இவள் விடாமல் அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் செய்தி அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான், அம்மா சீட்டு ஆடலாமா என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் அம்மா அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை. சீட்டு என்பது மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் உள்ள சமாசாரம். வேலை முடிந்து வந்ததும் அவர் முகம் கழுவிக்கொண்டு நேராக இந்த அறைக்குள் வந்துவிடுவார். பிறகு சமையலறை வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்கும். பெற்ற மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். அதில் அவளுக்கு எரிச்சல் உண்டு. அம்மாவுக்குக் கண் முழுசாகப் போன பிறகும் ஆட்டம் நிற்காததில் அந்த எரிச்சல் கொஞ்சம் கூடியது. கண் தெரியாதவளோடு என்ன ஆட்டம், ஏதோ ஒப்புக்கு ஆடி ஜெயிக்க விடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுலேருந்து எட்டு வரைக்கும் எடுத்துட்டியா? அதெல்லாம் இந்த ஆட்டத்துக்கு ஆகாதவங்க. ஆளுக்கு ஆறு. மீதியக் கவுத்து வை. மேல இருக்கறத மட்டும் திருப்பி அடியில சொருவு. என்ன அது?"

"இஸ்பேட் ஒன்பது."

"அப்ப இஸ்பேட்டுதான் துருப்பு. மத்த எந்தச் சீட்டையும் அது வெட்டிடும். ஆளுக்கு ஒண்ணு போட்டு, பெரிசு போட்டவங்க எடுத்துக்கிட்டா அது ஒரு பிடி. அது முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்துக்கணும். ஜெயிச்சவங்க முதல்ல எடுக்கணும். ஆசு பெரிசு, அதுக்கடுத்து பத்து, அப்புறம்தான் ராஜா, ராணி, ஜாக்கி, கடைசியில ஒன்பது. பத்தை ராஜாவுக்குக் கீழன்னு நினைச்சு ஏமாந்துடாத. ஒன்பதத் தவிர எல்லாத்துக்கும் ஒரு விலை இருக்கு. அறுபத்தாறு யாரு முதல்ல சேக்கறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. இப்ப என் சீட்ட எனக்குச் சொல்லு, இடப்பக்கத்திலேருந்து."

"உன் சீட்ட நான் பாத்தா அப்புறம் எப்படிம்மா ஆடறது?"

"மாப்பிள்ளை எப்படி ஆடறாரு?"

"அவரும் பாத்துட்டுத்தான் ஆடறாரா?"

"பின்ன? எனக்குச் சொல்லிட்டு மறந்துடுவாரு. மறக்க முடியாதுதான். மறந்த மாதிரி ஆடுவாரு. எங்கிட்ட என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே தோக்கற இடத்துல தோப்பாரு, ஜெயிக்கற இடத்துல ஜெயிப்பாரு. முந்தாநாள்கூட என்னைத் தோக்கடிச்சாரு, பாவி மனுஷன்." அம்மா சிரிக்கப் பார்த்தாள். வயிற்றில் சுருக்கென்று பிடித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வலிக்குதா? நர்ஸு ஊசி வச்சுட்டுப் போயிருக்காங்க. போன் பண்ணா வந்து போடுவாங்க."

"குடல் புண்ணுக்குப் போயி ஊசி எதுக்கு? சீட்டச் சொல்லு."

குடல் புண் என்பது மகளின் ஏற்பாடு. உள்ளே இருந்தது வேறு. அது ஈரல் வரைக்கும் பரவி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே இவள் முடிவெடுத்துவிட்டாள். அம்மாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு விட்டுவிடுவாள். கணவன், நர்ஸ், மாடி வீட்டுக்காரி, எல்லாரிடமும் கண்டித்துச் சொல்லி வைத்தாள். அவளுக்கு இது கைவந்த காரியம். பார்சல் நிறுவனத்தில் புகார் கேட்கிற வேலை. தொலைந்தே போன பெட்டிக்காக போனில் அழுகிறவர்களிடம், "வந்துக்கிட்டே இருக்குங்க, சாயங்காலத்துக்குள்ள கிடைச்சிடும்," என்று கூசாமல் சொல்லுவாள். அதற்காக அவளுக்கு ஒரு வருஷம் பரிசுகூடக் கொடுத்தார்கள்.

அம்மாவின் சீட்டுகளைச் சொன்னாள். இதயம் போட்ட ஆட்டின் ராஜா, துருப்பில் ஒரு ஜாக்கி, மற்றதெல்லாம் குப்பை. அம்மா ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு இடத்தை மனசில் வாங்கிக்கொண்டாள். சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவள். எந்த வரிசையில் எந்த நாற்காலி காலி என்று பார்க்காமலே சொன்ன காலம் ஒன்று இருந்தது. சீட்டைப் பிடித்திருந்த கைகளில் இப்போது எலும்பும் நரம்பும்தான் மீதி இருந்தன.

முதல் பிடி மகளுக்குப் போனது. அந்த உற்சாகத்தில் அடுத்து டைமன் பத்தை எடுத்துப் போட்டு, பெயரையும் சொன்னாள்.

"பத்தை யாராச்சும் இப்படி எடுத்த எடுப்புல தூக்கிப் போடுவாங்களா? வெட்டு வாங்கும்னு தெரியாது?" அம்மா விரலால் எண்ணி, துருப்பு ஜாக்கியை உருவி அதன்மேல் வைத்தாள். "எங்கிட்ட துருப்பு இருக்குன்னு நீதான எனக்குச் சொன்ன. மறந்த மாதிரி ஆடச் சொன்னா நிஜமாவே மறந்துட்டியா?"

"எனக்கு இது வராதும்மா."

"வரும் வரும். என் சீட்ட எடு."

சீட்டுக்கட்டிலிருந்து எடுத்தாள். ஆட்டின் ஒன்பது. விலையே இல்லாத சீட்டு. அம்மா முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே குழி விழுந்து, தோல் மஞ்சள் பூத்த முகம். இந்த முகத்திடம் போய் ஒன்பது என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"ஆட்டின் ராணி."

"ராணியா? ஜோடி சேந்துடுச்சு, பாப்பா. ராஜாவும் ராணியும். இருபது எனக்கு." அம்மாவின் குரலில் உயிர் வந்தது. அந்த ஒன்பதை ராணியென்று நினைத்து, பெருமையாக எடுத்துத் தலையணைமேல் வைத்தாள். மகள் தன் கையிலிருந்து ஆட்டின் ஜாக்கியைப் பெயர் சொல்லிப் போட்டு, பிடியை அம்மா பக்கம் தள்ளினாள். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அம்மாவுக்கு ஒன்றைக் கொடுத்தது மாதிரி இருந்தது.

அம்மாவுக்கு அடுத்த சீட்டை எடுத்தாள். கிளாவர் ஒன்பது. இந்தத் தடவை தயங்கவே இல்லை.

"டைமன் பத்து," என்றாள்.

அம்மா சீட்டை வாங்கிக்கொண்டாள். ஆனால் மற்றவற்றோடு சேர்க்கவில்லை. விரலிடுக்கில் பிடித்தபடியே இருந்தாள். தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

"டைமன் பத்தை நீ போட்ட. நான் வெட்டுனேன். இதோ எம்பக்கத்துல கிடக்கு."

மகள் சீட்டுக்குக் கை நீட்டினாள். "அப்படியா? சரியாப் பாக்கலம்மா. இரு..."

"நீ சரியாத்தான் பாத்த. அந்த ராணி?"

மகள் அம்மா பக்கம் தள்ளிய பிடியைப் பார்த்தாள்.

"அது என்ன சீட்டு, பாப்பா?"

"ஒன்பது."

"இது?"

"இதும் ஒன்பதுதான்."

அம்மா அந்தச் சீட்டைக் கட்டைவிரலால் தடவினாள். மூச்சு சீராக வராமல் விட்டுவிட்டு வந்தது. பிறகு, எதிரில் இருப்பவள் தன் மகள் இல்லை, ஜன்னலுக்கு வெளியே நிற்கிற யாரோ என்பது போன்ற குரலில் கேட்டாள். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"குடல் புண்ணுன்னு..."

"சீட்டுல பொய் சொன்ன அதே குரல்ல சொல்ற."

அதற்குமேல் அவளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. சொன்னாள். எங்கே ஆரம்பித்தது, எங்கே பரவியது, என்ன செய்ய முடியாது, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். அழுவதை அம்மா பார்க்க முடியாது என்பதால் துடைத்துக்கொள்ளவும் இல்லை. நர்ஸ் காலையில் சொன்னதையும் சொன்னாள்.

"இன்னிக்கா?"

"இன்னிக்கோ நாளைக்கோன்னு..."

"ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது." அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கத்துவதற்குத் தெம்பில்லாத கோபம். "நான் இங்க பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கேன். ஒரு புண்ணுக்குப் போயி இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்றாளேன்னு நீ நினைச்சுக்கக் கூடாதுன்னு ராத்திரியெல்லாம் தலையணையக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கேன். ஊசி வேணாம் வேணாம்னு சொன்னேனே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

 ஊசி வேண்டாம் என்று அம்மா சொன்னபோதெல்லாம், வலி அவ்வளவாக இல்லை போலிருக்கிறது என்று நிம்மதிப்பட்டவள் மகள். மாடி வீட்டுக்காரியிடம், "அம்மாவுக்கு வலியே இல்ல, அந்த மட்டுக்கும் நல்லது," என்றுகூடச் சொல்லியிருந்தாள். அம்மாவின் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குக்கூட வெட்கமாக இருந்தது.

"நர்ஸக் கூப்பிடு," என்றாள் அம்மா.

போன் செய்துவிட்டு வந்தாள். அம்மா சீட்டுகளைக் கீழே வைக்கவில்லை.

"இப்ப ஆட்டத்த நேராக்கு. ஜோடிக்கு எழுதின இருபதக் கழி. என் ஒன்பதுக்கு நீ ஜாக்கி போட்ட, அதனால அந்தப் பிடி உன்னுது. நீதான் முதல்ல எடுத்திருக்கணும். அப்ப இந்த கிளாவர் ஒன்பது உன்னுது, இந்தா. அடுத்த சீட்டுதான் எனக்கு வரவேண்டியது. எடு."

எடுத்தாள். பார்த்தாள். இஸ்பேட் ஆசு. துருப்பில் அதற்குமேல் ஒன்றும் கிடையாது.

"இஸ்பேட் ஆசும்மா."

அம்மா சீட்டுக்குக் கை நீட்டவில்லை.

"நிஜமாம்மா. சத்தியமா ஆசுதான்."

"இருக்கட்டும்," என்றாள் அம்மா. சீட்டை வாங்கி, மற்றவற்றோடு சேர்க்காமல், மடியில் தனியாக வைத்துக்கொண்டாள்.

நர்ஸ் வந்து ஊசியைத் தயார் செய்யும்போது, அம்மா மடியைத் தடவி அந்தச் சீட்டை எடுத்து நீட்டினாள். "இது என்னன்னு சொல்லும்மா."

நர்ஸ் குனிந்து பார்த்தாள். "எனக்கு சீட்டெல்லாம் தெரியாதுங்க. கறுப்பா, நடுவுல பெரிசா ஒண்ணே ஒண்ணு இருக்கு. இலை மாதிரி, காம்போட."

"சரி," என்றாள் அம்மா. சீட்டை வாங்கி, கையில் இருந்த மற்றவற்றின் ஓரத்தில் செருகிக்கொண்டாள். யாரோ ஒரு வேற்று மனுஷியைக் கேட்டுத்தான் அம்மா தன்னை நம்ப வேண்டியிருந்தது என்பதை மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதுகூடப் பரவாயில்லை என்று அவள் நினைக்கவில்லை. வலித்தது.

ஊசி ஏறியதும் அம்மாவின் தோள் தளர்ந்தது. நெற்றியிலிருந்த சுருக்கம் ஒவ்வொன்றாக விட்டது. அந்தச் சுருக்கத்தோடேயே பார்த்துப் பழகிவிட்டதால், அது வலியின் சுருக்கம் என்பது அப்போதுதான் மகளுக்குத் தெரிந்தது.

"பாப்பா."

"சொல்லும்மா."

"ஆசு நிஜந்தான்."

"ஆமாம்மா."

"மாப்பிள்ளை வந்தா அவர்கிட்டயாச்சும் ஒழுங்கா இரு," என்றாள். திட்டுகிறாளா, கொஞ்சுகிறாளா என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

மத்தியானம் தாண்டி ஒரு தரம் விழித்தாள். மகளைத் தெரியவில்லை. "யாரு?" என்று கேட்டாள். "நாந்தாம்மா, பாப்பா," என்றதற்கு, "டிக்கெட் இல்லைங்க, எல்லாம் போயிடுச்சு," என்றாள். தண்ணீர் கேட்டாள். தலையைத் தூக்கிப் பிடித்து டம்ளரை உதட்டில் வைத்தபோது பொறுமையாகக் குடித்தாள். பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அது வெகு நேரம் நீடித்தது. நர்ஸ் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள், மகள் ஒரு கையை. வெயில் ஜன்னலை விட்டு இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கணவன் வந்தபோது நர்ஸ் படுக்கையைச் சரிசெய்துவிட்டுப் போயிருந்தாள். செய்தியைக் குழிக்குள்ளிருந்து ஏறி வந்த பிறகுதான் பார்த்தாராம். படியில் ஓடி வந்திருக்கிறார். சட்டையெல்லாம் கிரீஸ். கட்டிலைத் தொட்டால் கறை படுமோ என்று இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி நின்றார். மாமியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் அழுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"கஷ்டப்பட்டாங்களா?"

"காலையில ரொம்ப. ஊசி போட்டதுக்கப்புறம் இல்ல," என்றாள். "அவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சுங்க. நான் சொல்லிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தவர் போல, "என்னைக் கேட்டாங்களா?" என்றார். "கடைசியில?"

ஆமாம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உங்க பேரத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க என்று சொல்லலாம். அதற்கு ஒரு நொடிகூட ஆகாது. அவரும் அதை நம்பிக்கொண்டு மீதிக் காலத்தை ஓட்டிவிடுவார்.

"இல்லைங்க," என்றாள். "கடைசியில யாரையும் கேக்கல. தண்ணிதான் கேட்டாங்க."

"குடிச்சாங்களா?"

"பாதி குடிச்சாங்க."

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலின்மேல் இருந்த டம்ளரைப் பார்த்தார். கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, குனிந்து, கீழே கிடந்த மூடியை எடுத்து அதை மூடி வைத்தார்.