ஒரு பக்கம் தேய்ந்த பூண்

அன்று அருங்காட்சியகத்தின் ரோமானியர் காலக் கூடத்தில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். முன் வரிசையில் சன்னல் ஓரமாக எங்கள் ஊர் மேயர் எமே பெராஷோன், என் அண்ணன், மார்பில் மூவண்ணப் பட்டையோடு. அடுத்து என் கணவர் ஃபிர்மேன், பிரான்சின் சோன் ஆற்றில் மீன் பிடிப்பவர். அவருக்கு அடுத்து நான். பின்னால் இரண்டு வரிசைகளில் ஊர்க்காரர்கள் பதினெட்டுப் பேர். காப்பாளர் கொரின் வோத்தியே மட்டும் துணி போர்த்திய கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் நின்றிருந்தார்.

பெட்டிக்குள் இருந்தது பதினோரு வருடங்களுக்கு முன் ஃபிர்மேனின் வலையில் துருக்கட்டியாக ஏறி வந்தது. அதை அவர் அப்படியே இங்கே கொண்டுவந்து ஒப்படைத்தார். ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்து, உள்ளே ஈட்டிமுனை இருக்கலாம் என்றார்கள். அந்த ‘லாம்’ எங்கள் ஊருக்கு வந்து சேருவதற்குள் உதிர்ந்துவிட்டது. ஊருக்கு ஒரு ரோமானியச் சிப்பாய் கிடைத்துவிட்டான். கோடை விழாவில் கறிக்கடைக்காரர் தகரத் தலைக்கவசம் போட்டு அணிவகுத்தார். அண்ணன் ஊர்க் கொடியில் ஓர் ஈட்டியைப் படுக்கைவாட்டில் தைக்கவைத்தார். துரு நீக்கிய பிறகு அந்த இரும்பை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

துணியை விலக்கினார்கள். எல்லோரும் கை தட்டினோம், ஃபிர்மேனைத் தவிர. அவர் எழுந்து போய், விவரச் சீட்டு ஒட்டிய பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்தார்.

“என்ன மாப்ள, சீட்டுல உன் பேர எழுத்துக்கூட்டிப் படிக்கிறியா?” என்றார் அண்ணன். பின் வரிசை சிரித்தது.

“இது ஈட்டி இல்ல மச்சான். கழிப் பூண். படகத் தள்ற கழிக்கு அடியில மாட்டுவமே, அது.”

“உக்காருய்யா.”

“ஒரு பக்கம் தேஞ்சிருக்கு பாரு.”

“ஆயிரத்தி எண்ணூறு வருஷம் ஆத்துல கெடந்தா நீயுந்தான் தேய்வே.”

“சும்மா கெடந்து தேஞ்சா சுத்திலும் தேயும். இந்தக் கழிக்காரன் எந்நேரமும் படகுக்கு ஒரே பக்கம் நின்னு சரளையில ஊணித் தள்ளியிருக்கான். என்னைய மாதிரி.”

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “கொடி தச்சாச்சு, ஃபிர்மேன்.”

என் கணவர் பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருப்பார், பேச்சை என்னிடம் விட்டுவிடுவார். முப்பத்தொரு வருடமாக எங்கள் வீட்டுக் கடிதங்கள் எல்லாம் நான் எழுதியவைதான். அன்று தொப்பி நாற்காலியில் தனியாகக் கிடந்தது. படித்தவர்கள் நிறைந்த கூடத்தில் அவர் கை கழி பிடிக்கிற மாதிரி காற்றில் சாய்ந்து, தள்ளி, மீண்டது. என் முதுகு தானாக நிமிர்ந்தது.

காப்பாளர் உருப்பெருக்கியோடு குனிந்து வெகுநேரம் பார்த்தார். “வாயால சொன்னத வெச்சு நான் சீட்ட மாத்த முடியாதுங்க. எழுத்துல குடுங்க. கோப்புல ஏறினா நிபுணர்கிட்ட போகும்” என்றார். பின்னாலிருந்த பதினெட்டுப் பேரின் பார்வையும் என் மேல் திரும்பியது.

மறுநாள் கடிதத்தோடு அனுப்புவதற்காக ஃபிர்மேன் தன் கழியிலிருந்து பூணைக் கழற்றி, வெள்ளைத்தாளில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைந்தார். மதியம் அண்ணன் வந்தார். வெள்ளை ஒயினில் கொதித்த மீன் குழம்பை அவர் முன் வைத்தேன்.

“சோலான்ஜ், நீ என் தங்கச்சியா, இவன் பொண்டாட்டியா?”

“கடுதாசியில ரெண்டும் வராதுண்ணா. நீளம், அகலம், தேய்மானம். அவ்வளவுதான்.”

“சிப்பாய் ஊருன்னு மார்தட்டிக்கிட்டிருந்தோம். இனிமே எவன் மதிப்பான்?”

“அந்தச் சிப்பாய இந்த ஆத்தத் தாண்ட வெச்சது யாரு மச்சான்?” என்றார் ஃபிர்மேன், முள்ளை எடுத்துக்கொண்டே.

அண்ணன் ரொட்டியால் தட்டைத் துடைத்தார். மேசையில் கிடந்த பூணை எடுத்தார். அவர் கட்டைவிரல் தேய்ந்த பக்கத்தில் போய் நின்றது.

“கொடி தச்ச மதாம் ழொலிகிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடிதத்தைப் பிழையின்றி இரண்டு படிகள் எழுதினேன். கையெழுத்துப் போடும் முன் ஃபிர்மேன் பேனாவை நிறுத்தினார்.

“சீட்டுல கண்டெடுத்தவர்னு என் பேரு இருக்கில்ல? அதக் கீழ போடச் சொல்லு. மேல அந்தக் கழிக்காரன் இருக்கட்டும்.”

“அவன் பேரு தெரியாதே.”

“படகுக்கு ஒரே பக்கம் நின்னு தள்ளினவன்னு போடச் சொல்லு.”

அதையும் கடைசி வரியாகச் சேர்த்தேன். பூணின் வரைபடத்தை மடித்தபோது ஓரத்தில் ஆற்றுச் சேறு ஒட்டியிருந்தது தெரிந்தது. துடைக்கவில்லை. உறையை ஒட்டி, மூன்று முறை அழுத்தித் தேய்த்து, சதுக்கத்தின் மஞ்சள் தபால்பெட்டிக்கு நடந்தேன்.

எதிரே மேயர் அலுவலகத்து வாசலில் காற்றில்லாமல் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. படுத்திருந்த ஈட்டி துணியோடு சரிந்து, நுனி தரையில் ஊன்றுவது போல நேர் கீழே பார்த்திருந்தது. உறையைப் பெட்டிக்குள் விட்டேன். அது அடியில் போய் விழுகிற சத்தம் கேட்கும்வரை நின்றேன்.