முதல் பந்திக்காரர்

என் அக்கா சந்திரவல்லியைக் கட்டிய காசிமாயன் மச்சானுக்குப் போடிநாயக்கனூரில் ஒரு தனி மரியாதை இருந்தது. கிடாவெட்டு, காதுகுத்து, எந்த விசேஷமானாலும் முதல் பந்தியில் முதல் இலை அவருக்குத்தான். அவர் கறிச்சோற்றைப் பிசைந்து வாயில் வைத்த பிறகுதான் மற்றவர்கள் இலையில் கை வைப்பார்கள். அவர் இலையில் சோறு குறைந்தால் விருந்து வைத்தவனுக்கு அவமானம். அவர் போதும் என்று சொல்லிவிட்டால் அதைவிடப் பெரிய அவமானம். பாவம், மனுஷன் யாரையும் அவமானப்படுத்தத் தெரியாதவர். ஊரார் வைத்த விருந்தையெல்லாம் உடம்பிலேயே சேர்த்துக்கொண்டு நூறு கிலோவைத் தாண்டி எங்கேயோ போய்விட்டார். வீட்டில் இருந்த எடை மிஷின் மூச்சை விட்டதிலிருந்து, ஏலக்காய் மூட்டை போடும் தராசில்தான் அவரை நிறுத்துப் பார்ப்பது.

நான் யோகராஜ், ஜீப்பு ஓட்டுகிறேன். காலையில் போடியில் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டிவருவது என் சோலி. மச்சானின் தோட்டமும் அதே வழியில்தான். முன்சீட்டில் என்னோடு இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். மச்சான் ஏறினால் அவர் ஒருவர்தான். அப்போதும் ஒவ்வொரு வளைவிலும் கியர் போட அவர் தொடையிடம் உத்தரவு கேட்க வேண்டும்.

இதையெல்லாம் நாங்கள் கேலி பேசிக் கழித்திருப்போம். குலசாமி பெட்டி நடுவில் வந்ததால்தான் விஷயம் பெரிதானது.

எங்கள் பக்கத்தில் சிவராத்திரிக்குக் குலசாமியின் பெட்டியைத் தூக்கிப்போவார்கள். சாமியின் பட்டும் சலங்கையும் மணியும் இருக்கிற கனத்த மரப்பெட்டி. பங்காளிகளில் பெட்டி உரிமை உள்ளவர் அதைத் தலையில் வைத்து, தேவாரத்துக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் கோயில் வரைக்கும் ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். ஒரு பங்காளி தலையிலிருந்து இன்னொரு பங்காளி தலைக்கு மாற்றலாம். மண்ணில் மட்டும் படக்கூடாது. மச்சானின் அப்பா தூக்கினார், அவருக்குப் பிறகு மச்சான் தூக்கினார்.

போன வருஷம் கோயில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வந்து மச்சானுக்கு மூச்சு முட்டிவிட்டது. மேலே காத்திருந்த அத்தனை சனமும் பார்த்துக்கொண்டிருக்க, கால் மடங்கிப் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டார். பெட்டி மண்ணில் படவில்லை, அவர் வயிற்றில் தங்கிக்கொண்டது. அந்த வயிறு செய்த ஒரே புண்ணியம் அதுதான். அவருடைய சித்தப்பா மகன் அருள்பாண்டி ஓடிவந்து, பெட்டியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குள் போனான். அருள்பாண்டி அப்போது வெடவெடவென்று ஒல்லியாக இருப்பான். சனம் அவனுக்குக் குலவை போட்டது.

பங்காளிகள் கூடிப் பேசினார்கள். அடுத்த சிவராத்திரிக்குள் காசிமாயன் உடம்பைச் சரிபண்ணாவிட்டால் பெட்டி அருள்பாண்டிக்கு என்றார் பங்காளிகளில் பெரியவரான சின்னச்சாமி பெரியப்பா. ஒரு தடவை கைமாறினால் மாறினதுதான், அப்புறம் அவன் மகன், பேரன் என்று போய்விடும். அன்றைக்கு வீட்டுக்கு வந்த மச்சான் சோறு வேண்டாம் என்றார். அக்கா பதறிப்போய் எனக்குப் போன் பண்ணினாள். கல்யாணமானதிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை.

மறுநாளே மச்சான் உடம்பைக் குறைக்க இறங்கினார். கொள்ளு ரசம் குடித்தார். சீரகத் தண்ணீர் குடித்தார். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஒரு பொடியை வரவழைத்துப் பாலில் கலந்து குடித்தார். எல்லாவற்றையும் சோற்றுக்குப் பதிலாக அல்ல, சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டார் என்பதுதான் சிக்கல். தராசில் எடை இன்னும் கொஞ்சம் ஏறியது.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. ஏலக்காய்க்காரன் மண்டையைத் தவிர வேறு மண்டையில் அது உதித்திருக்காது. பச்சைக்காய் அஞ்சு கிலோவை ஸ்டோர் என்கிற அனல் அறையில் வைத்து வாட்டினால் ஒரு கிலோவாகக் குறைந்து வரும். காய்க்கு நடப்பது மனுஷனுக்கு நடக்காதா?

தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகை மூட்டச் சொல்லிவிட்டு, ஆளில்லாத நேரம் பார்த்து மச்சான் உள்ளே போய்த் தட்டுகளுக்கு நடுவே துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அனல் ஏறியது. கொஞ்ச நேரத்தில் காயைக் கிளறிவிட வந்த தோட்டத்து வேலையாள் மாரீஸ்வரன் கதவைத் திறந்தவன், புகைமூட்டத்தில் வேர்த்து வடிந்து உட்கார்ந்திருந்த உருவத்தைப் பார்த்து முனி என்று நினைத்து, செருப்பை விட்டுவிட்டு ஓடினான். நாங்கள் போய் மச்சானை வெளியே இழுத்தபோது அவர் முதலில் கேட்டது தராசைத்தான். இரண்டு கிலோ குறைந்திருந்தது. மச்சான் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்தச் சந்தோஷத்தில் ஒரு குடம் தண்ணீரைக் குடித்தார், நாலு இளநீர் குடித்தார். திரும்பி ஏறி நின்றால் குறைந்தது அப்படியே திரும்பி வந்திருந்தது.

மாலையில் அக்காவிடம் கொண்டுபோய் விட்டேன். அவள் திட்டுவாள் என்று ஆசையோடு எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை.

“வாட்டுன காயைத் தெறந்து போட்டா என்னாகும்?” என்று கேட்டாள்.

“ஈரத்தை இழுத்துத் திரும்ப எடை ஏறிரும்” என்றார் மச்சான்.

“காய்க்கு இம்புட்டு தெரியுதுல்ல. ஒரே நாள்ல எறக்குறது ஒரே நாள்ல ஏறிரும். நீங்க எதையும் விட வேணாம். ஏதாச்சும் ஒண்ணை மட்டும் மாத்துங்க. அது பழகட்டும். பெறகு அடுத்ததைப் பாப்போம்.”

எதை முதலில் மாற்றுவது என்பதில் பெரிய பேரம் நடந்தது. கடைசியில் போடிமெட்டு டீக்கடைப் பருப்புவடையில் வந்து நின்றது. அந்தக் கடைச் சேட்டன் ஜீப்பு நிற்பதற்கு முன்பே மச்சானுக்கு என்று தட்டில் வடையை அடுக்கிவிடுவார். கையை நீட்டுவதற்கு முன்னால் தனக்குப் பசிக்கிறதா என்று மச்சான் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். முதல் நாள் ஜீப்பில் உட்கார்ந்தபடியே வெகுநேரம் யோசித்தார். பின்னால் இருந்த பெண்கள் வேலைக்கு நேரமாகிறது என்று ஏசினார்கள்.

“மாப்ளே, பசிக்கலடா” என்றார் கடைசியில். அவருக்கே அது பெரிய ஆச்சரியம். “இத்தன வருசமா பசிக்காமத்தான் தின்னுருக்கேன்.”

வடை பழகியதும் நடை. தோட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி நடந்தே போவார். முதலில் அடுத்த வளைவுவரைதான், அதுவும் நான் ஜீப்பை முதல் கியரில் உருட்டிக்கொண்டு பின்னாலேயே வர வேண்டும். எதிரே வந்த லோடு வண்டிக்காரர்கள் ஜீப்பு ரிப்பேரா, ஆள் ரிப்பேரா என்று கேட்டார்கள். நாளாக ஆக இறங்கும் இடம் தள்ளிப்போனது. வீட்டில் டி.வி. முன்னால் சாப்பிடுவதை நிறுத்தினார். சோற்றை ஒரு தடவை போட்டுக்கொண்டால் மறுசோறு இல்லை.

எல்லாம் நேராகப் போனது என்று சொன்னால் பொய். ஆடியில் ஒரு கிடாவெட்டுக்குப் போனவர் பழைய வேகத்தில் வெளுத்துக் கட்டிவிட்டார். மறுநாள் ஜீப்பில் இடிந்துபோய் உட்கார்ந்து, இது தனக்கு ஆகாது, விட்டுவிடப் போகிறேன் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு நாள் லோடு கவிழ்ந்தால் ஜீப்பையே விற்றுவிடுவதா என்று கேட்டேன். மச்சான் வழக்கமான இடத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தார். அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

கார்த்திகை வாக்கில் என் கியர் தடையில்லாமல் விழ ஆரம்பித்தது. முன்சீட்டில் வேலுத்தாய் என்ற கூலிக்காரப் பெண்ணும் ஏறிக்கொண்டாள். மச்சான் சட்டைகளை அக்கா பிடித்துத் தைத்தாள். எல்லாம் கூடிவந்தது என்று நாங்கள் நினைத்த நேரத்தில்தான் சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள்.

காசிமாயனுக்குச் சீக்கு என்று ஊரெல்லாம் பேச்சு. விருந்தில் போதும் என்று சொல்கிறார், கன்னம் ஒட்டிவிட்டது, ஜீப்பிருக்க ரோட்டில் தனியாக நடந்து போகிறார். இதற்கெல்லாம் சீக்கைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்? ஆப்பிளும் சத்துமாவும் பன்ரொட்டியும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். பொட்டிபுரத்துச் சின்னம்மா ஒருத்தி வாசலிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். மச்சான் தான் நன்றாக இருப்பதாகச் சொல்லச் சொல்ல, பாவம் வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்கிறார் என்று அவர்கள் இன்னும் அழுதார்கள். முதல் பந்தியின் முதல் இலை அருள்பாண்டிக்குப் போனது. அவன் கூச்சத்தோடு உட்கார்ந்தான். பிறகு கூச்சம் போய்விட்டது.

சிவராத்திரிக்கு முந்தின வாரம் சின்னச்சாமி பெரியப்பா வீட்டில் விருந்து. பங்காளிகள் எல்லாரும் இருந்தார்கள். பெரியப்பா தன் கையாலேயே மச்சானின் இலையில் சோற்றைக் குவித்தார், அதன் மேல் கறியைக் குவித்தார். சீக்காளி தலையில் சாமி பெட்டியை ஏற்றினால் குலத்துக்கே ஆகாது என்று பங்காளிகள் கவலைப்படுவதாகச் சொன்னார்.

“ஒனக்கு ஒண்ணும் இல்லேன்னா பழையபடி இந்த எலையைக் காலி பண்ணிக் காட்டு, காசி. பெட்டி ஒனக்குத்தான்.”

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மச்சான் சாப்பிட்டார். ரசித்துத்தான் சாப்பிட்டார். கொஞ்சம் ஆனதும் நிறுத்தி, வயிறு நிறைந்துவிட்டது என்றார். நான் பக்கத்து இலையில் இருந்தேன். அவர் தொடையைப் பிடித்துக் கிள்ளி, ஒரு நாள்தானே, தின்று தொலையுங்கள் என்று பல்லைக் கடித்தேன்.

“ஊருக்காகத் தின்னுதான் மாப்ளே இந்தக் கெதிக்கு வந்தேன்” என்றார் மெதுவாக. “சாமி பேரச் சொல்லியும் தின்னா, பெறகு எப்பத்தான் நிப்பாட்டுறது?”

இலையை மடித்துவிட்டு எழுந்தார். பெட்டி அருள்பாண்டிக்கு என்று முடிவானது. வீட்டுக்கு வந்து அக்கா அழுதாள். ஒரு வருஷப் பாடு வீணாகிவிட்டதே என்று நான் புலம்பினேன். மறுநாள் காலையில் மச்சான் எப்போதும்போல ஜீப்பிலிருந்து இறங்கி நடந்தார். இனி யாருக்காக நடக்கிறீர்கள் என்று கேட்டேன். மூச்சு வாங்காமல் நடப்பது நன்றாக இருக்கிறது என்றார்.

சிவராத்திரியன்று சனமெல்லாம் டிராக்டரிலும் வேனிலும் சுற்றுப்பாதையில் கோயிலுக்குப் போய்விட்டது. கொம்பு ஊதுகிறவர் முன்னால் போக, ஒற்றையடிப் பாதையில் பெட்டியோடு அருள்பாண்டி, அவனுக்குப் பின்னால் மச்சான், கடைசியில் நான். ஏற்றம் தொடங்கியதும் அருள்பாண்டியின் முதுகு வேர்த்தது. மூன்று மாச முதல் பந்தி அவன் இடுப்பில் இரண்டு மடிப்பாகத் தொங்கியதை அப்போதுதான் கவனித்தேன். செங்குத்தான இடத்தில் நின்றுவிட்டான். தலையில் பெட்டி ஆடியது. நான் வேறு குலசாமிக்காரன், பெட்டியைத் தொடக்கூடாது. கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

“அண்ணே, முடியல” என்றான் அருள்பாண்டி.

மச்சான் அவன் பக்கத்தில் போய்க் குனிந்து, பெட்டியைத் தன் தலைக்கு வாங்கிக்கொண்டார். அந்தச் செங்குத்து முழுவதையும் நிதானமாக ஏறினார். அவர் பின்னால் போன எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெறும் கையோடு ஏறிய எனக்குத்தான் மூச்சு வாங்கியது. இன்னும் கொஞ்ச தூரம்தான், சனம் பார்க்கட்டும், ஒவ்வொருத்தன் மூஞ்சியும் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் துள்ளிக்கொண்டு போனேன்.

கோயில் தெரிகிற திருப்பத்துக்கு முன்னால் மச்சான் நின்றார். அருள்பாண்டி தட்டுத்தடுமாறி வந்து சேரும்வரை பெட்டியோடு காத்திருந்தார். அவன் மூச்சு அடங்கியதும் பெட்டியைத் திரும்ப அவன் தலையில் வைத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மச்சான் என்று கூடப் பார்க்காமல் கத்தினேன்.

“போன வருசம் நான் உக்காந்ததை ஊரே பாத்துச்சு மாப்ளே” என்றார் அவர். “அது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். அவனுக்கு வேணாம்.”

அருள்பாண்டி பெட்டியோடு போய்ச் சேர்ந்தான். குலவைச் சத்தம் மலையில் மோதியது. பூசாரி அவன் தலையில் பரிவட்டம் கட்டினார். நன்றாகச் சாப்பிடுகிற உடம்பு எப்படித் தூக்கிவந்தது பார்த்தீர்களா என்று சின்னச்சாமி பெரியப்பா சுற்றி நின்றவர்களிடம் பெருமையடித்தார். நான் வாயைத் திறந்தேன். மச்சான் என் கையை அழுத்தினார். அருள்பாண்டி குனிந்த தலை நிமிராமல் நின்றான்.

மறுநாள் கோயில் வாசலில் கிடாவிருந்து. முதல் பந்தியின் முதல் இலையில் அருள்பாண்டியை உட்காரவைத்து, சோற்றைக் குவித்து, கறி அள்ளும் கரண்டியோடு பெரியப்பாவே வந்தார். அருள்பாண்டி சோற்றில் கை வைக்கவில்லை.

“செங்குத்துல பெட்டியத் தூக்குனது நான் இல்ல பெரியப்பா. அண்ணன்தான். திருப்பத்துல என் தலையில வச்சு என்னை முன்னால விட்டாரு.”

பெரியப்பா மச்சானைப் பார்த்தார், கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். அடுத்த வருஷம் பெட்டி யாருக்கு என்பதை அவர் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்தச் சங்கடத்தில் வேறு என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கப்படி அருள்பாண்டியின் இலையில் கறியைச் சாய்க்கப் போனார். அருள்பாண்டி எச்சிலை விழுங்கிக்கொண்டு மச்சானைத் திரும்பிப் பார்த்தான்.

“போதும்னு எப்பிடிண்ணே சொல்றது? வாயில வர மாட்டேங்குது.”

“மொதத் தடவைதான்டா கஷ்டம்” என்றார் மச்சான். எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கையை விரித்து அவன் இலைக்கு மேலே பிடித்தார். “தம்பிக்குப் போதும் பெரியப்பா.”

பெரியப்பா கரண்டியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தார். அருள்பாண்டி இலையில் இருந்ததை மட்டும் மெதுவாகப் பிசைந்து சாப்பிட்டான். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை மச்சான் அந்தக் கையை எடுக்கவில்லை.