கதம்பை அடிக்கும் சத்தம்

கலயத்தில் கஞ்சி ஆடை கட்டிப்போய்க் கிடந்தது. பூங்கனி அதைத் தொடவில்லை. சுவரோடு சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, நேற்றுச் சாயங்காலம் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, ஒனக்கு என்ன கேடு?" அவள் அம்மா தங்கபாய் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "நேரம் ஏழாச்சு. பெரியம்மா தடிய எடுத்துட்டு வந்து வாசல்ல நிக்காவ. நீ கல்லு மாதிரி இருக்கே."

"நான் இனி அங்க போமாட்டேன்."

"போவாம? இந்த வீடு யாருக்க வீடு? ஓலை நமக்கது, மண்ணு மொதலாளிக்கது. நாளைக்கே எறங்குன்னு சொன்னா, சட்டியத் தூக்கிட்டு எங்க போவே? ஒனக்க அப்பன் வந்து காப்பாத்துவானா, குழிக்குள்ளேருந்து?"

வாசலில் நின்ற தங்கபாயின் அக்கா நேசபாய், கையிலிருந்த தடியின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காரணம் தெரியும். தங்கைக்கு அது தெரியாது என்றுதான் அவள் எண்ணியிருந்தாள்.

இராஜாக்கமங்கலத்துக்கு மேற்கே, காயல் கரையில் இருந்தது குமாரதாஸ் முதலாளியின் கயிற்றுக் கொட்டகை. தேங்காய் உரித்த மட்டையான கதம்பையை மாதக்கணக்கில் காயல் சேற்றில் புதைத்து அழுகப்போட்டு, தோண்டி எடுத்துக் கொண்டுவந்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தடியால் அடித்து நாரைத் தும்பாக எடுப்பார்கள். பன்னிரண்டு பேர். அழுகல் நாற்றம் குளித்தாலும் போகாது. அந்தத் தெருவில் யாரும் அதை நாற்றம் என்று சொல்வதில்லை. அதில்தான் அடுப்பு எரிந்தது. பன்னிரண்டு பேரில் மூத்தவள் நேசபாய். அவள் முதல் அடி போடுவாள். மற்றவர்கள் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்வார்கள். பூங்கனிக்குப் பத்தொன்பது வயதானபோது அவளைக் கைப்பிடித்து அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவளும் அவள்தான். சேர்த்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

தங்கபாய் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். நேசபாய் உள்ளே வந்து, பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எழும்பு மக்கா. ரெண்டு நாளு கழிஞ்சா எல்லாம் மறந்து போவும்."

பூங்கனி முதன்முறையாகத் தலையைத் தூக்கினாள். "பெரியம்மா, ஒங்களுக்குக் கேக்கவே இல்லியா?"

"என்னது?"

"நான் கூப்பிட்டேன். மொதல்ல அம்மாவத்தான் கூப்பிட்டேன். அம்மா அங்க இல்லல்லான்னு நெனவு வந்த பெறவு ஒங்களக் கூப்பிட்டேன். பெரியம்மா பெரியம்மான்னு. கிட்டங்கிக் கதவுக்கும் நீங்க இருக்க எடத்துக்கும் பத்தடி கூடக் கெடயாது."

"கேக்கல்ல மக்கா," என்றாள் நேசபாய். "அடிச்ச சத்தத்துல ஒண்ணும் கேக்கல்ல."

அது பொய்யில்லை. ஒன்றும் கேட்கவில்லைதான். கேட்கக்கூடாது என்றுதானே அடித்தார்கள்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்குப் பேர் கிடையாது. யாரும் அதைப் பற்றிப் பேசியதும் கிடையாது. முதலாளி தும்பு அடுக்கி வைக்கும் கிட்டங்கிக்குப் போய் நின்றுகொண்டு, "மேஸ்திரி, தும்பு அடுக்க ஒரு ஆளு அனுப்பு" என்பார். செல்வன் மேஸ்திரி வரிசையில் ஒரு பெண்ணைப் பார்ப்பான். அவள் எழுந்து போவாள். கதவு சாத்திக்கொள்ளும். "ம், அடிங்க, கை ஓயப்பிடாது" என்பான் செல்வன். நேசபாய் தடியை ஓங்கி முதல் அடி போடுவாள். மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். வழக்கமான அடியைவிட வேகமாக, ஒரே அடியாக. சாலையில் போகிறவனுக்குக் கேட்டால், கொட்டகையில் இன்று வேலை மும்முரம் என்று நினைத்துக்கொள்வான்.

நேசபாய்க்கு இருபது வயதில், இந்தக் குமாரதாஸின் தகப்பன் காலத்தில், அவளும் கிட்டங்கிக்குள் போனவள். வெளியே வந்தபோது ஒரு வயசான பொம்பிளை அவள் காதோடு சொன்னாள்: "ஒண்ணும் வெளிய கேக்கல்ல பிள்ளே. நாங்க நல்லா அடிச்சோம். ஒனக்க பேரு கெடாது." அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அன்று வீடுவரை நடந்தாள். அதை ஓர் உபகாரம் என்றே இருபத்திரண்டு வருஷமாக நினைத்திருந்தாள். தனக்குச் செய்த உபகாரத்தைத் தானும் மற்றப் பிள்ளைகளுக்குச் செய்கிறோம் என்றுதான் தடியை ஓங்கினாள். அவள் கெட்ட மனசுக்காரி இல்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியும் கெட்ட மனசுக்காரி இல்லை.

"நாங்க ஒனக்க பேருக்காகத்தான் மக்கா..." என்று தொடங்கினாள்.

"அந்தச் சத்தம் கேட்டப்போ அவரு சிரிச்சாரு பெரியம்மா," என்றாள் பூங்கனி. "'கேட்டியா, எப்பிடி அடிக்காளுவன்னு'ன்னு எங்கிட்ட சொன்னாரு."

நேசபாய் எழுந்து வெளியே வந்தாள். தடியை எங்கே வைத்தோம் என்று கொஞ்ச நேரம் தேடினாள். அது அவள் கையிலேயே இருந்தது.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று செல்வனிடம் சொல்லிவிட்டு, அன்று சாயங்காலம் அவள் உபதேசியார் ஞானதாசனைப் பார்க்கப் போனாள். வேதக்கோயிலில் ஜெபம் நடத்துகிறவர். தெருவில் நாலு எழுத்துத் தெரிந்த மனிதர். வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து வண்ணக் காகிதத்தை வெட்டிச் சரடில் ஒட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் நவம்பர் ஒன்று. திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுப் பிரிந்து, கன்னியாகுமரி ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகிற நாள். கொட்டகை முன்னால் கொடியேற்று. ஏற்றப்போகிறவர் குமாரதாஸ் முதலாளி.

நேசபாய் நின்றபடியே சொன்னாள். பெண்ணின் பேரைச் சொல்லவில்லை. பாதி சொல்லும்போதே அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கே நேசபாய்?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உபதேசியாருக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். பைய பேசு. அவரு போராட்டத்துல ஜெயிலுக்குப் போன மனுசன். நாலு மாசம் உள்ள கெடந்தாரு, யாருக்காக? நமக்காகத்தான். இப்போ, ஜில்லா பொறக்கப்போற நேரத்துல, நம்ம ஆளைப் பத்தி நாமளே வாயத் தொறந்தா, சிரிக்கிறது யாரு? கொஞ்சம் பொறுத்துக்கோ. ஜெபம் பண்ணுவோம். ஆண்டவரு அவருக்க மனச மாத்துவாரு."

"எனக்கு இருபது வயசு இருக்கும்போ அவருக்க அப்பனுக்காவயும் ஜெபம் பண்ணினிய."

உபதேசியார் சரடில் ஒரு பச்சைக் காகிதத்தை ஒட்டினார். அது கோணலாக ஒட்டிக்கொண்டது. பிரித்து மறுபடியும் ஒட்டினார். இரக்கமில்லாத ஆள் இல்லை அவர்; குரலைத் தாழ்த்தி, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

"ஒண்ணு கேக்கேன், கோவிக்காதே. அன்னைக்கு நீ நல்லாத்தானே அடிச்சே? வெளிய ஒண்ணும் கேக்கல்லியே?"

நேசபாய் திரும்பி நடந்தாள்.

மறுநாள் முதலாளி வீட்டம்மா தங்கபாய் வீட்டுக்கு ஒரு தாவணி கொடுத்தனுப்பினாள். நல்ல பச்சை நிறம். அந்தத் தெருவில் பண்டிகை நாட்களில் அதே பச்சையில் அஞ்சாறு தாவணி கோயிலுக்கு வரும். "மொதலாளியம்மாவுக்கு என்ன மனசு! ஏழப் பிள்ளையளுக்கு வருஷா வருஷம் துணி எடுத்துக் குடுக்காவ" என்று பெண்கள் வாய் நிறையச் சொல்வார்கள். சொல்லும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்கள்.

தங்கபாய் தாவணியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நீ நெனச்சே, ஒனக்குத் தெரியாதுன்னு நான் நெனச்சேன். இல்லியா அக்கா?"

"தெரிஞ்ச பெறவு ஏன் பிள்ளைய என்கூட அனுப்பினே?"

"நீ இருக்கேல்லான்னுதான்," என்றாள் தங்கபாய். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகைச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாதே என்ற பயம் அப்போதும் அவளுக்கு இருந்தது.

வியாழக்கிழமை கொடியேற்று நடந்தது. குமாரதாஸ் கதர்ச் சட்டை போட்டு, மாலையும் கழுத்துமாய் நின்று பேசினார். நன்றாகப் பேசுவார். "நம்ம தாய்மாருக்க குரலை இனி எவனும் அமுக்க முடியாது!" என்றபோது எல்லாரும் கை தட்டினார்கள். நேசபாயும் தட்டினாள். இரண்டு தட்டுக்குப் பிறகு, என்ன செய்கிறோம் என்று கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். சர்க்கரை மிட்டாய் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை பூங்கனி வேலைக்கு வந்தாள். தங்கபாய் அனுப்பினாள், வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. பெரியம்மாவுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். பதினோரு மணி இருக்கும். கிட்டங்கி வாசலிலிருந்து குரல் வந்தது.

"மேஸ்திரி, தும்பு அடுக்க ஒரு ஆளு."

செல்வன் வரிசையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தான். "பூங்கனி, நீ போ."

அவள் எழவில்லை. செல்வன் வந்து தோளைத் தொட்டான். "எழும்பு பிள்ளே. மொதலாளி நிக்காரு." அவள் எழுந்தாள். பத்தடி தூரத்தை வெகுநேரம் நடந்தாள். முதலாளி கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவள் உள்ளே வர வழிவிட்டு நின்றார்.

"ம், அடிங்க. கை ஓயப்பிடாது."

பத்துத் தடிகள் ஓங்கி நின்றன. முதல் அடிக்குக் காத்து நின்றன.

நேசபாய் தடியைத் தரையில் படுக்க வைத்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன நேசபாய், கை நோவுதா? தாணம்மா, நீ அடி."

பக்கத்தில் இருந்த தாணம்மாள் நேசபாயைப் பார்த்தாள், செல்வனைப் பார்த்தாள். அவள் தடி ஓங்கியபடியே நின்றது. முதல் அடி போட்டு அவளுக்குப் பழக்கமில்லை. அடுத்தவளுக்கும் இல்லை. கொட்டகை ஓய்ந்தது. காயலில் ஒரு நீர்க்காகம் சிறகடிப்பது கேட்டது. சாலையில் போன வண்டிக்காரன் மாட்டை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். இந்த நேரத்தில் அங்கே சத்தமில்லாமல் இருந்து அவன் பார்த்ததில்லை.

"பெரியம்மா," என்றாள் பூங்கனி வாசல்படியில் நின்றுகொண்டு. கத்தவில்லை. வீட்டில் கூப்பிடுவதுபோல்தான் கூப்பிட்டாள்.

"கேக்குது மக்கா. வா."

குமாரதாஸ் கதவை விட்டு இரண்டடி முன்னால் வந்தார். "என்ன இது? ஏன் அடிக்காம இருக்கிய?"

"கேட்டுட்டு இருக்கோம் மொதலாளி," என்றாள் நேசபாய்.

அவள் சொன்னது வண்டிக்காரன்வரைக்கும் கேட்டது. குமாரதாஸ் அவனைப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "பொம்பிளையளுக்கு இன்னைக்கும் லீவு வேணும் போல," என்று உரக்கச் சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். பூங்கனி திரும்பி வந்து பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் கொட்டகையை விட்டு இறங்கினார்கள். பின்னால் யாரும் வரவில்லை.

அடிதடி ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலையில் செல்வன் இரண்டு ஆட்களோடு வந்து, இரண்டு வீட்டுக் கூரை ஓலையையும் மரியாதையாகப் பிரித்துக் கீழே அடுக்கி வைத்தான். "எனக்கு மேல கோவப்படாதே தங்கபாய், அவரு சொன்னதச் செய்யுதேன்," என்றான். தெரு, கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் சமாதானத்தைப் பற்றி ஜெபம் பண்ணினார். தங்கபாய் பச்சைத் தாவணியைக் கொட்டகை வேலியில் போட்டுவிட்டுக் காயலுக்கு அக்கரை போனாள். அங்கே புறம்போக்கில் மூவரும் ஒரு குடிசை கட்டிக்கொண்டு, சந்தையில் வாங்கிய கதம்பையை அடித்துக் கயிறு திரித்தார்கள். ஒரு வேளைக் கஞ்சிக்கு வந்தது.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. முற்பகல். தண்ணீரைத் தாண்டி அக்கரைக் கொட்டகையிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. எப்போதும் வருவதுதான். திடீரென்று அது ஒரு கணம் நின்றது. பிறகு வேகமாக, ஒரே அடியாக எழுந்தது.

நேசபாய் கையிலிருந்த வேலையை நிறுத்தினாள். முதல் அடி தாணம்மாளுடையதாகத்தான் இருக்க வேண்டும். பழகிக்கொண்டுவிட்டாள். ஆனால் தாளம் நேசபாயுடையது. ஒரு பிசகும் இல்லாமல் அப்படியே இருந்தது. அவள் இல்லாமலும் அது நடக்கும் என்பதை இத்தனை நாளும் அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

"இன்னைக்கு யாரு பெரியம்மா?" என்று கேட்டாள் பூங்கனி.

"தெரியல்ல மக்கா."

பூங்கனி மடியிலிருந்த தும்பைத் தட்டிவிட்டு எழுந்தாள். நேசபாயும் எழுந்தாள். தங்கபாய் ஒன்றும் கேட்காமல் குடிசைக் கதவைச் சாத்திவிட்டுக் கூட வந்தாள். மரப்பாலத்தைக் கடந்து மூவரும் அக்கரைச் சாலையில் ஏறியபோது, எதிரே உபதேசியார் குடையோடு வந்தார்.

"எங்க போறிய, இந்த வெயில்ல?"

"சத்தம் கேக்குதுல்லா உபதேசியாரே," என்றாள் பூங்கனி.

அவர் நின்றார். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். தடிகள் ஒரே அடியாக விழுந்துகொண்டிருந்தன.

"கதம்பை அடிக்க சத்தம்தானே," என்றார்.

"அதுதான்," என்று சொல்லிவிட்டு அவள் கொட்டகையை நோக்கி நடந்தாள். மற்ற இருவரும் அவள் பின்னால் போனார்கள். உபதேசியார் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு குடையைக் கொட்டகைப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தம் வழியே நடந்தார். வெயில் அவருக்கு மறுபக்கத்திலிருந்துதான் அடித்துக்கொண்டிருந்தது.