ஏழு லிஃப்டும் என் வயிறும்

என் வயிற்றை வெட்டிச் சிறிதாக்கியபோது எனக்கு வயது அறுபத்தொன்று, எடை நூற்று நாற்பத்தெட்டு கிலோ. வெட்டிய பாகத்தை எனக்குக் காட்டவில்லை. அதைத் தூக்கிப்போக இரண்டு பேர் வந்ததாகவும், ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதாகவும் கேள்வி. எனக்கென்று மிச்சம் வைத்தது ஒரு வாழைப்பழ அளவு.

ஆசைப்பட்டு வெட்டிக்கொள்ளவில்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள்ளே நிற்பவர்கள் பயணிகள். அதன் கூரைமேல் நிற்பவன்தான் மெக்கானிக். இருட்டில், எண்ணெய் பூசிய கம்பி வடங்கள் காதோரம் ஓட, ஒவ்வொரு மாடிக் கதவின் பூட்டையும் துடைத்துக்கொண்டே மேலே போக வேண்டும். முப்பத்தைந்து வருஷம் போனேன். பிறகு கம்பெனிக்கு, கூரைமேல் நிற்பவன் விழாமல் மாட்டிக்கொள்ள, புதிதாக ஒரு பாதுகாப்பு வார் வந்தது. அதன் கொக்கியில் ‘120 கிலோ வரை’ என்று பொறித்திருந்தது. முதலாளியம்மா அதைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படித்தார்.

“ஸ்டோர் ரூம்ல ஒரு நாற்காலி போட்டு வெக்கிறேன்,” என்றார். “ஆறு மாசத்துல நூத்தி இருபதுக்கு வந்துட்டா கூரைமேல ஏறுங்க. இல்லன்னா ரிட்டயர் ஆகுற வரைக்கும் அந்த நாற்காலிதான். அதுவரைக்கும் லிஃப்டுக்குள்ளயும் மோட்டார் ரூம்லயும் வேலை பாருங்க.”

அந்த நாற்காலியைப் போய்ப் பார்த்தேன். எதிரே ஒரு சுவர். சுவரில் போல்ட்டு நட்டு அளவுகள் எழுதிய அட்டை. அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

ஆபரேஷன் முடிந்த முதல் மாதம் என் சாப்பாட்டுத் தட்டு, மருந்துக் குப்பியின் மூடி. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொன்ன பெண்ணுக்கு நான் வைத்த பெயர் முப்பதம்மா. ஒரு தடவைக்கு முப்பது மில்லி குடிக்கணும், ஒரு வாயை முப்பது தடவை மெல்லணும், சாப்பிட்டு முப்பது நிமிஷம் கழித்துத்தான் தண்ணீர். அவளுக்குக் குழந்தைகள் எத்தனை என்று கேட்கவே பயமாக இருந்தது.

வயிறு அடங்கிவிட்டது. அதில் குறையில்லை. ஆனால் மூக்குக்கு யாரும் ஆபரேஷன் செய்யவில்லையே. இரண்டாவது வாரம் ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் நின்றுகொண்டு, “ஏழாவது மாடியில் ரொட்டி வாட்டுறாங்க, ஒரு பக்கம் கருகிடுச்சு,” என்றேன். கூட வேலை பார்க்கும் மச்சான், என் வீட்டுக்காரியின் தம்பி, மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

“தப்பு அத்தான்,” என்றான். “ரெண்டு பக்கமும் கருகிடுச்சு.”

முப்பதம்மாவிடம் முறையிட்டேன். அவள் பொறுமையாக விளக்கினாள். “வயித்துப் பசி மெதுவா வரும், எதைக் குடுத்தாலும் அடங்கும். திடீர்னு வந்து இன்னதுதான் வேணும்னு அடம் பிடிச்சா அது தலைப் பசி. பத்து நிமிஷம் வேற வேலையைப் பாருங்க, போயிடும்.”

“அப்ப டாக்டர் எடம் மாத்தி வெட்டிட்டாரா?”

“அங்கயும் வெட்டியிருப்பாரு. ஏற்கனவே ரொம்பச் சின்னதா இருந்துச்சாம்,” என்றாள்.

பத்துப் பத்து நிமிஷமாக வேறு வேலை பார்த்தேன். எண்ணெய்க் குப்பியோடு கிளம்பி முதலில் எங்கள் வீட்டுக் கதவுகள், பிறகு பக்கத்து வீடு, பிறகு எதிர் வரிசை. அந்த மாதம் எங்கள் தெருவில் கிரீச்சிட்ட கதவு ஒன்றுகூட இல்லை. ஓர் அம்மாள் தன் புருஷன் வருவது காதில் விழவில்லை என்று சண்டைக்கு வந்தாள்.

இனி எங்கள் தொழிலில் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். ஆறு பேர் ஏறும் லிஃப்டுக்கு அளவு நானூற்றெட்டு கிலோ. அதற்குமேல் ஏறினால் மணி அடித்து, கதவு மூடாமல் நிற்க வேண்டும். அதைச் சரிபார்க்க, இருபது கிலோவும் ஒரு கிலோவுமான இரும்புக் கட்டிகளை நானூற்றெட்டு வரும்வரை உள்ளே அடுக்கி, அந்த இடத்தில் மணியைத் திருகி வைக்க வேண்டும். சட்டம் அப்படி. எங்கள் கம்பெனியில் அந்தக் கட்டிகளில் பாதிக்குப் பதில் நாங்களே உள்ளே நின்றோம். நான் நூற்று நாற்பத்தெட்டு, மச்சான் ஐம்பத்துநான்கு, மீதிக்கு மட்டும் கட்டி. பல வருஷமாக ஊரில் பாதி லிஃப்டுகள் என் எடையை நம்பித்தான் மணியடித்துக்கொண்டிருந்தன.

நான் இளைக்க இளைக்க மச்சான் கூடுதல் கட்டி தூக்க வேண்டியதாயிற்று. “அத்தான், உங்களுக்கு ஆபரேஷன், முதுகுவலி எனக்கு,” என்று மூச்சு வாங்குவான். ஒவ்வொரு வாரமும் என் எடையைக் கேட்டு, கூட்டிக் கழித்து, பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவான்.

மூன்றாவது மாதம் நூற்று முப்பத்தொன்றில் தராசு முள் நின்றுவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம். இப்படி நிற்பது எல்லாருக்கும் நடப்பதுதான் என்று முப்பதம்மா சொன்னாள். தினமும் காலையில் என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து, “எவ்ளோங்க?” என்று குரல் கொடுப்பாள். நான் தராசின்மேல் நின்றபடி சொல்வேன். அவள் தங்கைகள் இரண்டு பேருக்கும் போன் போட்டுச் சொல்வாள். பதினைந்தாவது நாளும் அதே எண்ணைச் சொல்ல வாய் வரவில்லை.

“நூத்தி முப்பது,” என்றேன்.

“அப்பாடா!” என்றாள். அந்தக் குரல் கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. அக்காவிடம் சொன்ன எண்தானே தம்பிக்கும் போக வேண்டும்? மச்சானிடமும் நூற்று முப்பது என்றேன். எழுதிக்கொண்டான்.

பொய் சொன்னவனுக்குத் தலைப் பசி அதிகம். மோட்டார் அறை மொட்டைமாடியில் இருக்கும். பகலில் அடுப்பு மாதிரி கொதிக்கும். ஒரு நாள் மதியம் ஒரு டப்பா சாக்லேட் ஐஸ்கிரீமை மோட்டாரின் முதுகில் வைத்தேன். கால் மணி நேரத்தில் அது திட உணவு என்ற குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டது. நீர் ஆகாரம் குடிக்கலாம் என்று டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். முப்பது முப்பது மில்லியாகத்தான் குடித்தேன். எத்தனை முப்பது என்று முப்பதம்மா சொல்லவில்லை.

நாலு வாய் ரொட்டிக்கு இடமில்லாத வயிற்றில் ஐஸ்கிரீம் மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அடுத்த வாரமும் ஒரு டப்பா. அப்புறம் வாரத்துக்கு மூன்று. ஒரு தடவை முழு டப்பாவையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நெஞ்சு படபடக்க, சில்லென்று வேர்த்து, மோட்டார் அறைத் தரையில் மல்லாந்து கிடந்தேன். மச்சான் பதறி ஓடிவந்தான்.

“என்னாச்சு அத்தான்?”

“மோட்டார் சூடு,” என்றேன்.

“லிஃப்டை நிறுத்தி ஒரு மணி நேரமாச்சே!”

“அதான், இன்னும் ஆறல.”

ஏழு வாரம், வாரத்துக்கு ஒன்றாக ஏழு லிஃப்டில் என் பொய் எடையை வைத்தே மணியைத் திருகினோம். ஏழாவது வாரம் நான் சொன்ன எண் நூற்று இருபத்தொன்று. தராசு சொன்னது நூற்று முப்பத்தைந்து. என் பொய் ஒழுங்காக இளைத்துவிட்டது, நான்தான் பின்தங்கிவிட்டேன்.

“ஒரு கிலோதானே பாக்கி!” என்றார் முதலாளியம்மா. “வர்ற திங்கக்கிழமை வார் மாட்டிக்குங்க.”

ஏங்கியது கையில் கிடைத்தது, தூக்கம் போய்விட்டது. அந்தக் கொக்கியில் நூற்று முப்பத்தைந்து கிலோ ஆளை வேறு எவன் மாட்டினாலும் நானே கையை முறித்திருப்பேன். இரண்டு காலையும் வீட்டில் வைத்துவிட்டுப் போனால் சரியாக இருக்குமா என்றுகூட யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை, வருஷாந்தரச் சோதனைக்கு ஆய்வாளர் வந்தார். சிரிப்பு என்ற ஒன்றைச் சின்ன வயதிலேயே வெட்டியெடுத்துவிட்ட மனிதர். சொந்தமாக இரும்புக் கட்டிகளும் தூக்க ஆட்களும் கொண்டுவந்தார். ஏழு லிஃப்டையும் பார்த்துவிட்டு ஆபீசில் வந்து உட்கார்ந்து, பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். முதலாளியம்மா, மச்சான், நான், மூன்று பேரும் நின்றோம்.

“நானூத்தி எட்டுல அடிக்க வேண்டிய மணி, முதல் லிஃப்டுல ஒரு கிலோ தள்ளி அடிக்குது. அடுத்ததுல மூணு. அப்புறம் நாலு, ஆறு, ஒம்பது, பதினொண்ணு. கடைசி லிஃப்டுல பதினாலு.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “யார் உயிருக்கும் ஆபத்தில்ல, அந்த அளவுக்கு இடம் விட்டுத்தான் லிஃப்டைச் செய்யறாங்க. ஆனா இருபது வருஷமா பாக்கறேன். மெஷின் கெட்டா ஏனோதானோன்னு கெடும். இது வாரா வாரம் வளருது. இது மெஷின் இல்ல. யாரோ சாப்பிடுறாங்க.”

எனக்கு மோட்டார் அறை வேர்வை வந்தது.

“இந்தக் கையெழுத்து யாருது?”

“என்னுதுங்க,” என்றான் மச்சான்.

“அப்ப உங்க லைசென்ஸை இப்படி வைங்க.”

மச்சான் சட்டைப் பைக்குள் கைவிட்டான். நான் குறைத்துச் சொன்ன கிலோவுக்கெல்லாம் லிஃப்டில் கூடுதலாகக் கட்டி ஏறியிருந்தது. அவனுக்கு அந்தக் கணக்குப் புரியவில்லை. என்னைத்தவிர யாருக்கும் புரிந்திருக்காது. இன்னும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு வார். அவனுக்கு வேலை இல்லை.

“அய்யா,” என்றேன். “தப்பு அவன்மேல இல்ல. ஐஸ்கிரீம்மேல.”

எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டார் முதுகு உள்பட. ஆய்வாளர் பேனாவை எடுத்தார்.

“என்ன ஐஸ்கிரீம்?”

“சாக்லேட்.”

எழுதிக்கொண்டார். அரசாங்கக் கோப்பு ஒன்றில் அது இன்னும் இருக்கும். இனிமேல் மனிதரை எடைக்கல்லாக வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டு, ஏழு லிஃப்டையும் திருத்தச் சொல்லி, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு டப்பா ஐஸ்கிரீம் உருகியிருக்கும்.

“ஒரு வாய் குடுத்தீங்களா அத்தான் எனக்கு?” என்றான் கடைசியில். அதுதான் அவன் மன்னித்த விதம்.

முதலாளியம்மா வாரை எடுத்துப் பூட்டினார். “நீங்களா வாயைத் திறந்ததால இன்னும் மூணு மாசம். தராசு இங்க, என் கண்ணு முன்னால. அதுக்கப்புறமும் ஆகலன்னா நாற்காலி.”

வீட்டுக்காரியிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

“தின்னதுக்குக்கூடக் கோவம் இல்லங்க,” என்றாள். “தெனமும் நம்பரைக் கேட்டு சந்தோஷப்பட்டேனே, அதைத் திருப்பிக் குடுங்க.”

கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. தலைப் பசி வந்தால் மறைக்காமல் அவளுக்குப் போன் செய்வதாக ஒப்புக்கொண்டேன். மறுநாளே பதினோரு மணிக்கு வந்துவிட்டது.

“என்ன கேக்குது?” என்றாள்.

“சாக்லேட்.”

“அவசரமாவா?”

“கதவை உதைக்குது.”

“உங்க லிஃப்டுல யாராவது மாட்டிக்கிட்டுக் கதவை உதைச்சா என்ன சொல்லுவீங்க?”

“பதறாதீங்க, கதவை உடைக்காதீங்க, பத்து நிமிஷத்துல ஆள் வரும்னு சொல்லுவேன்.”

“அதையே இதுக்கும் சொல்லுங்க,” என்று வைத்துவிட்டாள்.

சொன்னேன். வெட்கத்தை விட்டுச் சத்தமாகவே சொன்னேன். பத்து நிமிஷத்தில் ஆள் வரவில்லை, ஆனால் உள்ளே இருந்தவன் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டான். சில நாள் ஐந்தாறு தடவை மாட்டிக்கொள்வான். இரண்டு தடவை கதவை உடைத்தே விட்டான். அதையும் அவளிடம் சொன்னேன். முள் மறுபடி இறங்கியது.

மூன்று மாதக் கெடுவின் கடைசித் திங்கட்கிழமை. ஆபீஸ் தராசு நூற்று இருபது கிலோ நூறு கிராம் காட்டியது. செருப்பைக் கழற்றியாயிற்று, பெல்ட், கடிகாரம், கண்ணாடி எல்லாம் மேசைமேல்.

மச்சான் காதருகே வந்தான். “அத்தான், நூறு கிராம்தானே, நூத்தி இருபதுன்னு எழுதிடவா?”

“எழுதாத,” என்றேன். “பிளேடு இருக்கா?”

முப்பத்தெட்டு வருஷத்து மீசை. கை கழுவும் இடத்தில் நின்று வழித்தேன். திரும்பி வந்து ஏறினேன். சரியாக நூற்று இருபது. மீசை நூறு கிராம் இருக்குமா என்று கேட்பவர்கள் என் மீசையைப் பார்த்ததில்லை. முதலாளியம்மா குனிந்து இரண்டு தடவை பார்த்துவிட்டு வாரை எடுத்துத் தந்தார்.

அன்று எட்டு மாடியும் கூரைமேல் நின்று போனேன். சாயங்காலம் வீட்டு மணியை அடித்தேன். அவள் கதவைத் திறந்து, “யார் வேணும்?” என்றாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு, சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

“எவ்ளோங்க?”

“நூத்தி இருபது. மீசையோட சேத்தா நூறு கிராம் கூட.”

“வளக்காதீங்க,” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “இன்னும் நூறு கிராம் இளைங்க. அப்புறம் பாக்கலாம்.”

இப்போதெல்லாம் தலைப் பசி வந்தால் சாக்லேட் கேட்பதில்லை. மீசை கேட்கிறது.