முகப்புத் தகடு

டிராக்டரின் சூடு காட்டும் முள் மறுபடியும் சிவப்புக்குப் போய்விட்டது என்று செம்மலை போன் செய்தபோது ஞானசேகர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையைக் கழுவிவிட்டு பைக்கை எடுத்தான். காளையார்கோவிலிலிருந்து போகிற வழியெல்லாம், அந்த டிராக்டருக்கு இதுவரை செய்ததை வரிசையாக மனத்தில் ஓட்டிப் பார்த்தான். முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றினான். அடுத்து ஃபேன் பெல்ட்டை இறுக்கினான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, செம்மலையின் மனைவி அம்மாக்கண்ணுவிடம் வெந்நீர் வாங்கி அதில் போட்டுப் பார்த்தான். சூடு ஏறியதும் ஒழுங்காகத் திறந்தது. போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்திருக்கும் என்று ரேடியேட்டரை மருந்து ஊற்றிக் கழுவினான். செங்கல் நிறத்தில் வந்த தண்ணீர் கடைசியில் தெளிந்து வந்தது. ஹெட் கேஸ்கட் போயிருந்தால் தண்ணீரில் குமிழ் கிளம்பும், ஆயில் மோர் மாதிரி வெளுக்கும். இரண்டும் இல்லை. இதில் எந்த வேலையும் தப்பில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அதை மட்டும் அவன் தள்ளிக்கொண்டே வந்தான்.

டிராக்டரின் முகப்பில், காற்று உள்ளே போகிற வலையை முழுசாக மறைத்துக்கொண்டு ஒரு தகடு மாட்டியிருந்தது. தகட்டில் ஒட்டிய ஃபிளெக்ஸில் செம்மலையின் மகன் பாண்டிமுருகன், மஞ்சுவிரட்டில் மாடு பிடித்து வாங்கிய மிக்ஸியைப் பெட்டியோடு தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சிரித்தான். கூட்டாளிகள் அப்போது அச்சடித்தது. போன கோடையில் அவன் பைக்கில் போய் லாரியில் அடிபட்டுச் செத்தான். அதே கூட்டாளிகள் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிக்கக் கேட்டு வந்தபோது செம்மலை அடிக்கப் பாய்ந்தார். வீட்டில் படம் வைத்து மாலை போடவும் விடவில்லை. மிக்ஸி ஃபிளெக்ஸைத் தேடி எடுத்து, அளவு பார்த்துத் தகட்டில் ஒட்டி, தானே போல்ட் போட்டு வண்டியில் மாட்டினார். கேட்டவர்களிடம், "எம்மவன் வேலைக்குப் போறான்" என்றார். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. டிரெய்லரில் செங்கலும் எருவும் அடித்தவரை வண்டிக்கு ஒன்றும் தெரியவில்லை. மழை விழுந்து, இரும்புச் சக்கரம் மாட்டிச் சேற்றில் தொழி உழவுக்கு இறங்கியதும்தான் கொதிக்க ஆரம்பித்தது.

வரப்பில் சின்னக்கருப்பு உட்கார்ந்திருந்தார். அடுத்த உழவு அவருடைய வயல்.

"வாப்பா மெக்கானிக்கு. வண்டிக்கு இன்னுமா காச்சல் விடல? நாத்து முத்திப்போய் எங்கிட்டக் கோவிச்சுக்கிட்டு நிக்கிது."

"பாத்துருவம் மாமா."

"நீ பாத்துக்கிட்டேதான் இருக்க" என்றவர், தகட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

செம்மலை முழங்கால் சேற்றோடு நின்றிருந்தார். "ரேடியேட்டரே போயிருச்சோ சேகரு? புதுசு வாங்கிப் போட்டுருவமா?"

"ரேடியேட்டர் நல்லாத்தான் இருக்குண்ணே."

"அப்ப இதைவிடப் பெரிய ஃபேனு?"

ஞானசேகர் சூடு தணியும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டான். இன்னும் ஒருமுறை இப்படிக் கொதித்தால் இன்ஜின் இறுகி நின்றுவிடும். அதைச் சொல்லிவிட்டால் தகட்டைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். பையில் ஸ்பேனர் சுற்றிய செய்தித்தாள் இருந்தது. அதில் ஒரு தாளைக் கிழித்து, தகட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். தாளைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது வண்டி. பாதி உள்ளே போய், சந்தில் சிக்கிப் படபடவென்று அடித்தது.

"இந்த ஓரத்துலதான் மூச்சு விடுதுண்ணே" என்றான்.

செம்மலை அந்தத் தாளையே பார்த்தார். தெரியாமல் இருந்தவர் பார்க்கிற பார்வையாக அது இல்லை. தாளை உருவிப் போட்டுவிட்டு, "வீட்டுக்கு ஓட்டு. தகட்டுல ஓட்டை போட்டுருவம்" என்றார்.

"எங்கண்ணே?"

"காத்துப் போற மாதிரி. மொகத்தை மட்டும் விட்டுரு."

வீடு ஊர் விளிம்பில் இருந்தது; அங்கிருந்து பார்த்தால் வயல் தெரியும். வாசலில் வண்டியை நிறுத்தி, வயர் இழுத்து, ஞானசேகர் டிரில்லரை மாட்டினான். முதலில் ஓரத்து நீல வானத்தில் துளைகள் போட்டான். பிறகு மிக்ஸிப் பெட்டியில். நிறுத்திவிட்டுத் தாளை வைத்துப் பார்த்தான். லேசாக ஒட்டி, நழுவி விழுந்தது.

"பத்தாதுண்ணே. நடுவுல போட்டாத்தான்."

செம்மலை வீட்டுக்குள்ளிருந்து சாக்பீஸ் எடுத்து வந்தார். மகனுடைய சட்டையில், தையல்காரர் துணியில் குறிக்கிற மாதிரி, குனிந்து நிதானமாகப் புள்ளி வைத்தார். ஒவ்வொரு புள்ளியையும் வைத்துவிட்டு விரலால் அழித்து, கொஞ்சம் தள்ளி வைத்தார். ஞானசேகர் முதல் புள்ளியில் டிரில்லரை ஊன்றினான். தகடு கிரீச்சிட்டது. சட்டையின் நிறத்தோடு ஒரு சுருள் தெறித்து அவன் கால்விரலில் விழுந்தது.

"நிறுத்து தம்பி."

அம்மாக்கண்ணு கையில் மாவோடு வந்து நின்றாள். அவள் பார்த்தது செம்மலையை. "செத்த பிள்ளையைப் போட்டு ஏன் இந்தக் குத்துக் குத்துறீக?"

அந்தச் சொல்லை அந்த வாசலில் அதுவரை யாரும் சொன்னதில்லை.

"வாயக் கழுவுடி."

"கழுவுறேன். நீங்க தெனமும் அவனக் கூட்டிக்கிட்டு வயலுக்குப் போயிர்றீக. ஊரே எதிர்க்க வந்து அவன் மொகத்தைப் பாக்குது. எனக்கு? விடியுமுன்ன கெளப்பிருவீக. பொழுதடைஞ்சு வந்து, செவுத்தப் பாத்து நிப்பாட்டுவீக. நான் எப்பப் பாக்க?" குரல் உயரவில்லை. "மாலை போட மாட்டேன். வெளக்கு ஏத்த மாட்டேன். பொட்டுகூட வைக்க மாட்டேன். அடுப்படியில சும்மா சாச்சு வச்சுக்கிறேன். அது போதும்."

செம்மலை சாக்பீஸைக் கீழே போட்டார். குழாயடிக்குப் போய், காலில் காய்ந்திருந்த சேற்றைக் கழுவ ஆரம்பித்தார். ஒரு காலையே திரும்பத் திரும்பக் கழுவினார். ஞானசேகருக்கு டிரில்லரைக் கீழே வைப்பதா, ஸ்பேனரை எடுப்பதா என்று விளங்கவில்லை. அம்மாக்கண்ணுவும் நகரவில்லை. அவள் விரல்களில் மாவு வெளுத்துக் காயத் தொடங்கியது.

"மேல் போல்ட்டு ரெண்டும் துருவேறிக் கெடக்கும்" என்றது குழாயடியிலிருந்து குரல். அவர் திரும்பவில்லை. "எண்ணெய் விட்டு, ஊறவச்சுக் கழட்டு. வெடுக்குன்னு இழுத்துத் தகட்ட மடக்கிராத."

தகடு வந்ததும் அம்மாக்கண்ணு முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள். பின்னால், வலை முழுக்கக் கருவேல இலையும் வைக்கோல் தூசும் செத்த தட்டான்களும் அடை அடையாக அப்பியிருந்தன. ஞானசேகர் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் அடித்துக் கழுவினான். பிறகு செம்மலையோடு வயலுக்குப் போய், மட்கார்டில் உட்கார்ந்து முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தான். வண்டி சேற்றைக் கலக்கிக்கொண்டு வயலைச் சுற்றியது. முள் பச்சையில் ஏறி நடுவில் நின்றது. அடுத்த சுற்றிலும் அங்கேயே நின்றது. அவன் இறங்கி வரப்புக்கு வந்தான்.

"அப்பாடா. நாளைக்கு நம்ம வயல்தான?" என்றார் சின்னக்கருப்பு.

ஞானசேகர் வாய் திறப்பதற்குள் வண்டி நடு வயலில் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஆவி இல்லை, புகையும் கறுக்கவில்லை. செம்மலை இறங்கினார். சேற்றில் காலை இழுத்து இழுத்து வைத்து, வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார். அங்கே வலையைத் தவிர ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால், எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நின்று மகன் முகத்தைப் பார்த்த தூரத்தில், இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றார். சின்னக்கருப்பு எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். உழவுக்குப் பின்னாலேயே புழு பொறுக்கி வந்த கொக்குகள், வண்டி நகராததைப் பார்த்து ஒவ்வொன்றாக முன்னால் நடந்து வந்து, அவருடைய காலைச் சுற்றி நின்றன.