முதல் நாலு, கடைசி நாலு

பட்டறையை மூடலாமா என்று பங்குதாரர்கள் வாக்களிக்க இரண்டு நாள் இருந்தது. லேத் ஓட்டும் என் அத்தானும் அவரோடு வேலை செய்யும் நாற்பது பேரும், சம்பள உயர்வுக்குப் பதிலாகப் பங்குகள் வாங்கியிருந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் மூடவிடாமல் தடுக்கலாம், அதுவும் மயிரிழையில்.

பங்குகளுக்குக் காகிதம் கிடையாது. எல்லாம் பிளாக்செயின் என்கிற பொதுக் கணினிப் பதிவேட்டில். ஆளுக்கொரு முகவரி, நாற்பது எழுத்தும் எண்ணுமாக. யார் யாருக்கு மாற்றினாலும் எல்லோரும் பார்க்கலாம், பதிந்ததை யாரும் அழிக்க முடியாது.

அத்தானின் போன் சாகக் கிடந்தது. புது போனில் இருக்கும் முகவரிக்குப் பங்குகளை மாற்றித் தரச் சொன்னார். நான் படிப்பைப் பாதியில் விட்டவன். இந்த மாதிரிப் பங்குகளுக்கான உதவி மையத்தில் இரவு முழுக்கப் பேசுவதுதான் வேலை. "முதல் நாலும் கடைசி நாலும் சரியான்னு பாத்துக்குங்க சார்" என்று ஆயிரம் பேருக்குச் சொன்ன வாய் இது.

ஷிப்ட் முடிந்து காலையில் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். சோதனைக்கு ஒரே ஒரு பங்கை அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது. அக்கா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, போனில் பரிமாற்றப் பட்டியலில் மேலே இருந்த முகவரியை நகலெடுத்தேன். முதல் நாலு சரி. கடைசி நாலும் சரி. மீதி நான்காயிரத்தையும் அனுப்பினேன்.

நான் தேநீர் குடித்த நேரத்தில் எவனோ, முன்னும் பின்னும் அதே எழுத்துகள் வருகிற ஒரு முகவரியைச் செய்து, அதிலிருந்து ஒரு வெற்றுப் பரிமாற்றம் அனுப்பி, பட்டியலில் மேலே வரவைத்திருந்தான். நடுவில் இருந்த முப்பத்திரண்டை நான் பார்க்கவில்லை.

கால் மணி நேரத்தில் அவன் விற்றுவிட்டான். பட்டறையை மூடுவதற்காகக் கிடைத்த இடத்திலெல்லாம் பங்கு வாங்கிக்கொண்டிருந்த முதலாளிதான் வாங்கினார். புகார் கொடுத்தோம். ஒரு எண் கொடுத்தார்கள். வாக்கெடுப்பில் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் தோற்றோம்.

மறுநாள் அத்தானோடு பட்டறை வாசலுக்குப் போனேன். பதினெட்டு வருடம் அவர் பக்கத்தில் நின்று வேலை பார்த்த வெல்டர், பிளாக்செயின் பதிவை அச்செடுத்த ஒரு தாளை அத்தானிடம் நீட்டினார்.

"உன் கையிலேர்ந்து எவனோ ஒருத்தன் கைக்கு, அங்கேர்ந்து முதலாளி கைக்கு. நேரம் கூட இருக்கு. இதுல பொய் எழுத முடியாதுன்னு நீதானேப்பா எங்களுக்கு வகுப்பெடுத்த?"

"தப்பு என்னுதுண்ணே. முகவரிய நான்தான் மாத்திப் போட்டுட்டேன்" என்றேன்.

"வாங்கய்யா கம்ப்யூட்டர்! ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறவரு, சொந்த அத்தானுக்கு மட்டும் தப்பா போட்டாராம். காதுல பூ சுத்தாத தம்பி."

யாரோ சிரித்தார்கள். அத்தான் உள்ளே போய்த் தன் அளவுகோல்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். யாரும் வழிவிடவில்லை, சுற்றிக்கொண்டு வந்தார்.

பஸ் நிறுத்தத்தில் பையைக் கீழே வைத்தார்.

"மாப்ள."

"சொல்லுங்க அத்தான்."

"உங்கக்காகிட்ட மூச்சு விடமாட்டேன்." சுற்றும்முற்றும் பார்த்தார். "எவ்ளோ குடுத்தாங்க?"

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. பதிலுக்காக நின்றார்.